555 டைமர் ஐசி: வருஷக்கணக்கா யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

வீட்ல சின்னச் சின்ன சர்க்யூட் பண்றவங்க டப்பாவத் தொறந்தா கண்டிப்பா நாலு 555 கெடக்கும், நேரம் கணக்குப் பண்ணி ஒண்ண ஆன் ஆஃப் பண்ற சின்ன சிப்பு (ஐசி) அது. என்கிட்டயும் இது பல வருஷமா ஓடிட்டு இருக்கு, மாடிப்படி லைட்டு, தண்ணித் தொட்டி பஸ்ஸர், சின்ன ஃபேன் ஸ்பீடு கன்ட்ரோல்னு. இத்தன நாள்ல ஐசி செத்துப்போய் மாத்துனது ரொம்ப அபூர்வம். தொல்லை குடுத்ததெல்லாம் அதச் சுத்தி இருக்கற கெப்பாசிட்டர் (சார்ஜ் சேத்து வைக்கற பாகம்), சப்ளை, வயர் இதுங்கதான், அதனால அதப்பத்தியே கொஞ்சம் விவரமா எழுதறேன்.

ஹான்ஸ் கமென்சிண்ட் 1971ல டிசைன் பண்ணி, 1972ல சிக்னெடிக்ஸ் கம்பெனி வித்த ஐசி இது. இன்னிக்கு வாங்கினாலும் அதே 8 பின், அதே வேலை. உள்ள மூணு 5கே (5000 ஓம்) ரெசிஸ்டர் வரிசையா இருந்து சப்ளைய மூணு பங்கா பிரிக்குது, பிளிங்கர் (லைட்ட விட்டு விட்டு மின்ன வைக்கறது) மாதிரி சர்க்யூட்ல வெளிய நாம போடற கெப்பாசிட்டர் மூணுல ஒரு பங்குக்கும் ரெண்டு பங்குக்கும் நடுவுல ஏறி எறங்கிட்டே இருக்கும். சப்ளை கொறைஞ்சா இந்த ரெண்டு எல்லையும் சேர்ந்தே கொறையும், அதனால 12 வோல்ட் குடுத்தாலும் 6 வோல்ட் குடுத்தாலும் எல்இடி கிட்டத்தட்ட அதே வேகத்துலதான் மின்னும். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு இத ரொம்பப் புடிக்கும். 1கே, 68கே ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டுப் பாருங்க, செகண்டுக்கு ஒரு தடவ அழகா மின்னும்.

ஆனா அந்த 10 மைக்ரோஃபாரட்னு எழுதியிருக்கறத அப்படியே நம்பக்கூடாது. சாதா எலக்ட்ரோலைட்டிக் (உள்ள திரவம் இருக்கற வகை) கெப்பாசிட்டர்ல 20 சதவீதம் கூடக்கொறைய இருக்கறது சகஜம், அதே கெப்பாசிட்டரோட 1 மெக் (10 லட்சம் ஓம்) ரெசிஸ்டர் போட்டு, ஒரு தடவ ஓடி நிக்கற டைமரா பண்ணி, கணக்குல 11 செகண்டுன்னு வந்தா கைல 9ம் வரும் 13ம் வரும். பெரிய டைமுக்குப் போனா இன்னொரு சிக்கல், கெப்பாசிட்டர் உள்ளுக்குள்ளயே கசியும். 1 மெக் ரெசிஸ்டர் வழியா வர்ற கரன்ட்டு மைக்ரோ ஆம்பியர் கணக்குலதான் இருக்கும், கசிவும் அதே அளவு இருந்தா ஓட்டக் குடத்துல தண்ணி புடிச்ச கததான், ஏறவே ஏறாது, டைமர் ஆஃப்பே ஆகாம நிக்கும். வருஷம் ஆக ஆக, அதுவும் சூடான எடத்துல வச்சிருந்தா, எலக்ட்ரோலைட்டிக் உள்ள காஞ்சு டைம் மெதுவா சுருங்கும். நான் இப்பல்லாம் சீமாஸ் (CMOS) 555, அதாவது கரன்ட்டு ரொம்பக் கம்மியா எடுக்கற டிஎல்சி555 இல்லன்னா 7555, எடுத்து 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரும் 10 மெக் ரெசிஸ்டரும் போட்டுடறேன். அதே 11 செகண்டு வரும், வருஷங்கழிச்சும் நகராது. ஒண்ணு மட்டும், 10 மெக் போட்டா போர்டுல ஃப்ளக்ஸ் (சால்டர் பண்ணும்போது ஒட்டற பிசின்) அழுக்கு இருக்கக்கூடாது, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பழைய டூத் பிரஷ்ஷால நல்லாத் தேச்சு விட்டுடணும், இல்லன்னா அழுக்கே ஒரு ரெசிஸ்டர் மாதிரி வேலை செய்யும்.

பேட்டரில ஓட்டறதுன்னாலும் சீமாஸ்தான். பழைய என்ஈ555 சும்மா இருந்தாலே சில மில்லி ஆம்பியர் இழுக்கும், 9 வோல்ட் சதுர பேட்டரி சில நாள்லயே படுத்துடும். சீமாஸ் அதுல ஒரு துளிதான் எடுக்குது. ஆனா வெளிய கரன்ட்டு குடுக்கறதுல என்ஈ கெட்டி, 200 மில்லி ஆம்பியர் வரைக்கும் தாங்கும், டிஎல்சி555 சப்ளை பக்கத்துலருந்து 10 மில்லி ஆம்பியர்தான் குடுக்கும், ரிலே (காயில்ல கரன்ட்டு போனா மாறற ஸ்விட்ச்) போடணும்னா நடுவுல ஒரு ட்ரான்சிஸ்டர் வேணும்.

மாடிப்படி லைட்டு கதைக்கு வர்றேன். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், ரிலே, என்ஈ555, பட்டன் அமுக்கினா ஒரு நிமிஷம் எரிஞ்சு அணையணும். அணையறதென்னவோ அணைஞ்சுது, ஆனா ரிலே டக்குனு விழுந்த அடுத்த நொடியே மறுபடி எரிய ஆரம்பிச்சுது, யாரும் பட்டன் பக்கமே போகல. மீட்டர்ல பாத்தா வோல்டேஜ் எல்லாம் சுத்தமா சரியா காட்டும், ஏன்னா மீட்டர் புடிக்க முடியாத வேகத்துல நடக்கற விஷயம் அது. ரிலே காயில் விடும்போது ஒரு உதை உதைக்கும், அது போக என்ஈ555 அவுட்புட் மாறற அந்தக் கண நேரத்துல சப்ளைலருந்து ஒரு பெரிய கரன்ட்டு இழுக்கும், ரெண்டும் சேர்ந்து பட்டனுக்குப் போற நீள வயர்ல ஏறி, டைமர ஸ்டார்ட் பண்ற பின் 2ஐ கிளப்பி விட்டுடுது. காயிலுக்குக் குறுக்க ஒரு 1என்4007 டயோடு, பின் 1க்கும் (கிரவுண்டு) 8க்கும் (பிளஸ்) ஐசி கால ஒட்டியே 100 நானோஃபாரட், சப்ளைல ஒரு 100 மைக்ரோஃபாரட், பின் 5லருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட், பின் 2லருந்து பிளஸ்ஸுக்கு 10கே. போட்ட அன்னிக்கே சரியாச்சு, அதுக்கப்புறம் அந்த போர்ட நான் தொடவே இல்ல. நெறைய சர்க்யூட் படத்துல இந்த பின் 5 கெப்பாசிட்டரையும் 100 நானோவையும் வரையாமலே விட்டுடறாங்க, புதுசா பண்றவங்க பாவம் ஐசி மேல சந்தேகப்பட்டு மாத்தி மாத்திப் போட்டுட்டு இருப்பாங்க.

பிரெட்போர்டு (சால்டர் பண்ணாம சொருகற போர்டு) டெஸ்ட்டுக்கு மட்டும்தான், நாளானா உள்ள இருக்கற கிளிப் தளர்ந்து லேசாத் தட்டினாலே எல்இடி துடிக்கும். நெலையா ஓடணும்னா டாட் போர்டுல (ஓட்ட ஓட்டையா இருக்கற சால்டர் போர்டு) 8 பின் ஐசி பேஸ் வச்சு சால்டர் பண்ணிடுங்க.

நிறைய நிமிஷம், மணிக்கணக்குல டைம் வேணும்னா 555ஐப் போட்டு இழுக்காதீங்க. சிடி4060ங்கற ஐசி எடுங்க, அதுக்குள்ளயே துடிப்பு உண்டாக்கற ஆசிலேட்டரும் அத எண்ணற கவுன்ட்டரும் இருக்கு, 0.44 செகண்டுக்கு ஒரு துடிப்பு வர்ற மாதிரி செட் பண்ணா கடைசி அவுட்புட் 8192 துடிப்புல, அதாவது கிட்டத்தட்ட சரியா ஒரு மணி நேரத்துல மாறும். பவர் ஆன் ஆனதும் ரீசெட் பின்னுக்கு ஒரு சின்னத் துடிப்பு குடுத்துடுங்க, இல்லன்னா முதல் தடவ எங்கருந்து எண்ண ஆரம்பிக்கும்னு சொல்ல முடியாது.