கே காதல் நாவல்: திருமலையில் யாருக்கு எதைக் கொடுப்பது?

"ஆணும் ஆணும் காதலிக்கிற நல்ல நாவல் ஒண்டு சொல்லுங்கோ" என்று திருமலையில் யாராவது கேட்டால், யோசிக்காமல் வந்து விழும் பெயர் 'ஃபனி போய்'. ஷியாம் செல்வதுரை எழுதி 1994இல் வந்தது. நாயகன் அர்ஜி தமிழ்ப் பெடியன், களம் கொழும்பு. அருமையான புத்தகம்தான். ஆனால் கேட்டவர் காதல் கதை கேட்டிருந்தால், நீங்கள் கொடுத்தது வேறொன்று. அது ஆறு கதைகள் கோத்த புத்தகம். அர்ஜியும் ஷெஹானும் நெருங்குவது ஐந்தாவது கதையில். ஆறாவது கதை 83 ஜூலைக் கலவரம்: வீடு எரிகிறது, குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது. 83ஐ வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர், சனி ஞாயிறில் மனம் இளக வாசிக்க அதை எடுக்கமாட்டார்.

பிழை எங்கே நடக்கிறது என்றால், 'கே பாத்திரம் உள்ள நாவல்' என்பதையும் 'கே ரொமான்ஸ்' என்பதையும் ஒன்றாக எண்ணுவதில். ரொமான்ஸ் என்றால் இரண்டு நிபந்தனை: காதல்தான் முதுகெலும்பு, முடிவு நம்பிக்கை தரவேண்டும். வாசகர் வட்டத்தில் எச்ஈஏ என்றால் கடைசிவரை சேர்ந்திருப்பார்கள். எச்எஃப்என் என்றால் இப்போதைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். இந்த அளவுகோலில் மடலின் மில்லரின் 'த சோங் ஆஃப் அக்கிலீஸ்' (2011) கூட வெளியேதான். ட்ரோய் யுத்தக் கதை தெரிந்தவருக்கு முடிவும் தெரியும். அழுவதற்கு ஆயத்தமானவருக்கு மட்டும் கொடுங்கள்.

நிபந்தனைக்குள் நிற்கும் மூன்றை எடுப்போம்.

ஈ. எம். ஃபோர்ஸ்டரின் 'மொரிஸ்' எழுதப்பட்டது 1913-14இல், அச்சில் வந்தது 1971இல், அவர் இறந்ததற்கு அடுத்த வருஷம். இருவரும் சேரும் முடிவை அவர் மாற்ற விரும்பவில்லை. அன்றைய இங்கிலாந்தில் இந்த உறவு குற்றம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை இன்னமும் வைத்திருக்கும் நாட்டில், ஒரு கைப்பிரதி ஏன் அத்தனை காலம் மேசை லாச்சிக்குள் கிடந்தது என்று விளக்கத் தேவையில்லை. சிக்கல் நடையில். பழைய ஆங்கிலம், முதற்பாதி மெதுவாக நகரும். கிளைவ்தான் காதலன் என்று நம்பி வாசித்து, அவன் விலகும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். உண்மையான இணை அலெக் வருவது அதற்குப் பிறகு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுக்கவேண்டும்.

கேஸி மக்குவிஸ்டனின் 'ரெட், வைட் அண்ட் ரோயல் புளூ' (2019) இதற்கு நேரெதிர். அமெரிக்க ஜனாதிபதியின் மகனும் இங்கிலாந்து இளவரசனும். பகையில் தொடங்கிக் காதலில் முடிகிறது. வேகம், பகிடி, தாராளமான கெட்ட வார்த்தை. படுக்கையறைக் கதவும் திறந்தே இருக்கும், அதாவது உடலுறவுக் காட்சிகளை மறைக்காமல் எழுதியிருக்கும். அமெரிக்கத் தேர்தல் விபரம் சலித்தால் அந்தப் பக்கங்களைத் தாண்டலாம், காதல் கெடாது.

அலிஸ் ஒஸ்மனின் 'ஹார்ட்ஸ்டொப்பர்' சித்திரக்கதை. நிக், சார்லி என்று இரண்டு பள்ளிக்கூடப் பெடியன்கள். முத்தம், வெட்கம், வாட்ஸப் மாதிரிக் குறுஞ்செய்திகள். கொழும்பு பஸ்ஸில் ஏறினால் ஹபரணை வருவதற்குள் முதல் தொகுதி முடிந்துவிடும். ஆங்கிலத்துக்குப் பயப்படுபவருக்கும் பதின்வயதினருக்கும் இதுதான் முதலிடம், மற்ற இரண்டும் வேண்டாம். பின் தொகுதிகளில் உணவுக் கோளாறும் தன்னைத்தானே காயப்படுத்துவதும் வருகின்றன. அதைச் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. 2016இல் இணையச் சித்திரமாகத் தொடங்கியது என்பதால் காசில்லாமலும் வாசிக்கலாம்.

அடுத்த கேள்வி, எதில் வாசிப்பது. கூட்டுக்குடும்ப வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அச்சுப் புத்தகத்தைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தால் பார்சலை வீட்டில் நிற்பவர் பிரிப்பார். 'ஹார்ட்ஸ்டொப்பர்' அட்டையில் இரண்டு பெடியன்கள் நிற்பார்கள். 'மொரிஸ்' பழைய இலக்கியம் மாதிரித் தப்பிவிடும். மின்புத்தகம் வாசிக்கும் கிண்டில் கருவி பாதுகாப்பு என்று நினைப்பார்கள், ஆனால் அணைத்துவைத்தால் வாசிக்கும் புத்தகத்தின் அட்டையே திரையில் நிற்கக்கூடும். செட்டிங்ஸில் அட்டை காட்டுவதை நிறுத்தி, பாஸ்கோடும் போட்டுவிடவேண்டும். வங்கி எஸ்எம்எஸ்ஸில் வருவது விற்றவர் பெயரும் தொகையும்தான். நாவலின் பெயர் மின்னஞ்சலில் வரும், அந்த மின்னஞ்சல் யாருடைய போனில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். வாங்கமுன் இலவச மாதிரிப் பகுதியை இறக்கி வாசித்தால் ஆங்கிலம் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். சுயவெளியீட்டு கே ரொமான்ஸ் பல கிண்டிலில் மட்டும் கிடைப்பதற்கும் காரணம் இருக்கிறது: கிண்டிலின் சந்தாத் திட்டத்தில் 90 நாள் தவணையாகப் புத்தகத்தைச் சேர்க்கும் எழுத்தாளர் அந்தத் தவணை முழுக்க மின்பிரதியை வேறு கடையில் விற்கக்கூடாது.

வங்கிக் காட் இல்லாதவருக்கு ஏஓ3, அதாவது 'ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்' என்ற இணையத்தளம். தெரிந்த கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள் அங்கே கிடக்கும். எல்லாம் இலவசம், இபப் என்ற மின்புத்தகக் கோப்பாக இறக்கி இணைப்பில்லாமலும் வாசிக்கலாம். ரசிகர் எழுத்து என்பதால் தரம் ஏறி இறங்கும். ஆனால் முடிவையும் சூட்டையும் முன்கூட்டி அறிவதில் கடையில் விற்கும் எந்த நாவலும் இதற்குக் கிட்டவும் நிற்காது. இரண்டு பெயருக்கு நடுவில் சாய்கோடு இருந்தால் காதல்; '&' இருந்தால் நட்போ குடும்ப உறவோ மட்டும். இதைக் கவனிக்காமல் ஒன்றரை லட்சம் சொல் வாசித்து ஏமாந்தவர்கள் உண்டு. 'எச்சரிக்கை எதுவும் பொருந்தாது' என்பது ஒன்று, 'எழுத்தாளர் எச்சரிக்கை தர விரும்பவில்லை' என்பது வேறொன்று. இரண்டாவதில் நாயகன் சாகவும் கூடும். 'முடிந்தவை மட்டும்' வடிகட்டியையும் போடுங்கள். தமிழில் தேடுபவர் வாட்பேட், பிரதிலிபி என்ற கதைத் தளங்களின் பக்கம் போகலாம், அங்கேயும் முதலில் பார்க்கவேண்டியது தொடர் முடிந்ததா என்பதைத்தான்.

பரிந்துரையை குரூப்பில் பெயர் சுட்டிப் போடாதீர்கள், கேட்டவருக்குத் தனியே அனுப்புங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்றும் கேட்கவேண்டாம். மூன்று தகவல் போதும்: முடிவு, கதவு, வலி. இப்படி:

"மொரிஸ். கடைசியில சேருவினம். கதவு மூடித்தான் இருக்கும். நடுவில ஒருத்தன் விட்டிட்டுப் போவான், அந்த இடத்தில புத்தகத்தை மூடிப்போடாதேங்கோ."