சாட்ஸ்வொர்த் கவுன்சலிங் ப்ராக்டிஸ் - யார்கிட்ட போகணும்னு நேர்மையா சொல்ற இடம் (5க்கு 4 ஸ்டார்)

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட துப்பாக்கிய காட்டி கார புடுங்கிட்டு போயிட்டாங்க. உடம்புல ஒரு கீறல் இல்ல, ஆனா அன்னியில இருந்து தூக்கம் போச்சு, ரோபோட்ல (டிராஃபிக் சிக்னல்ல) சிவப்பு விழுந்து வண்டி நின்னாலே கை நடுங்கும், கண்ணாடில பின்னாடியே பாத்துட்டு இருப்பாரு. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அத்தை கோயில்ல மந்திரிச்சு கயிறு கட்டுன்னாங்க, ஆபீஸ்ல ஒருத்தர் லைஃப் கோச் நம்பர் குடுத்தாரு, இன்னொருத்தர் நேரா சைக்கியாட்ரிஸ்ட்டுன்னாரு.

இங்க முதல்ல பாத்தது ரெஜிஸ்டர்ட் கவுன்சலர் ஒரு அம்மா. எங்க வீட்டுக்காரர் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு நடுவுல தமிழுக்கு போயிட்டாரு, அந்தம்மாவுக்கு தமிழ் தெரியாது, இருந்தாலும் நிறுத்தவே இல்ல, "பரவால்ல, முழுசா சொல்லி முடிங்க, அப்புறம் எனக்கு சொல்லலாம்"னு பேனாவ கீழ வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. அதுக்கே நான் ரெண்டு ஸ்டார் குடுப்பேன்.

எல்லாம் கேட்டுட்டு, நடந்து எவ்ளோ நாளாச்சுன்னு கேட்டாங்க. மாசக்கணக்கா ஆச்சுன்னதும், முதல் ஒரு மாசத்துக்குள்ள இப்படி இருந்தா அக்யூட் ஸ்ட்ரெஸ், ஒரு மாசம் தாண்டியும் விடலன்னா பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்கு அப்புறம் நீடிக்கற மன பாதிப்பு, இருக்கான்னு பாக்கணும், அது என் லிமிட்டுக்கு மேல, க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தான் பாக்கணும்னு நேரா சொல்லிட்டாங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட் போட்டு காசு வாங்கிக்கல, லெட்டர் எழுதி கையில குடுத்தாங்க. அந்த நேர்மை தான் எனக்கு ரொம்ப புடிச்சுது.

அவங்க விளக்கின விஷயத்த எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். ரெஜிஸ்டர்ட் கவுன்சலர்னா நாலு வருஷ டிகிரி, ப்ராக்டிகல் ட்ரெய்னிங், சின்ன காலத்துக்கு சப்போர்ட், துக்கம், குடும்ப சண்டை, வேலை டென்ஷன் இதுக்கெல்லாம் நல்லது, ஃபீஸும் பெரும்பாலும் கம்மி. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாஸ்டர்ஸ் முடிச்சு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அப்புறம் ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ் பண்ணவங்க, நோய் என்னன்னு கண்டுபிடிச்சு தெரப்பி பண்ணுவாங்க, ஆனா இந்த நாட்டுல மாத்திரை எழுத முடியாது. மாத்திரை ஜிபி, அதாவது சாதாரண குடும்ப டாக்டர், எழுதலாம், இல்ல சைக்கியாட்ரிஸ்ட், அவர் டாக்டருக்கு படிச்சு அதுக்கு மேல ஸ்பெஷலைஸ் பண்ணவர். காதுல குரல் கேக்குது, நாள் கணக்கா தூங்காம இருந்தும் ஓவர் எனர்ஜியா கண்டபடி செலவு பண்றாங்கன்னா கவுன்சலிங்னு சுத்தாம சைக்கியாட்ரிஸ்ட் தான். சாகணும்னு பேச்சு வந்துட்டா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, சாடாக்ங்கற மனநல உதவி அமைப்பு நடத்தற 0800 567 567க்கு ராத்திரியோ பகலோ உடனே போன் பண்ணுங்க, இல்ல பக்கத்து ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்கு கூட்டிட்டு போங்க.

யாரா இருந்தாலும் டாக்டர், சைக்காலஜிஸ்ட் எல்லாரையும் ரெஜிஸ்டர் பண்ற எச்பிசிஎஸ்ஏ கவுன்சில் வெப்சைட்ல பேர போட்டு பாருங்க. கவுன்சலர்னா நம்பர் பிஆர்சின்னு ஆரம்பிக்கும், சைக்காலஜிஸ்ட்னா பிஎஸ், டாக்டர்னா எம்பி. இங்க ரிசப்ஷன் சுவத்துலயே எல்லார் நம்பரும் மாட்டி வெச்சிருக்காங்க. லைஃப் கோச்சுன்னு போர்டு போட எந்த ரெஜிஸ்ட்ரேஷனும் வேண்டியதில்ல, அத மனசுல வெச்சுக்குங்க.

மெடிக்கல் எய்ட் (மருத்துவ இன்ஷூரன்ஸ் மாதிரி) விஷயம் ரொம்ப முக்கியம். இந்த மாதிரி அதிர்ச்சி நடந்த உடனே அக்யூட் ஸ்ட்ரெஸ்னு டயக்னோஸ் ஆனா மெடிக்கல் எய்ட் கட்டாயம் குடுத்தே ஆகணும்னு இருக்கற பிஎம்பி லிஸ்ட்டுல, அட்மிட் ஆகாம 12 தடவை தெரப்பி வரைக்கும் இருக்கு, பெரிய டிப்ரஷனுக்கு 15 தடவை. இது யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க, நீங்க தான் போன் பண்ணி கேக்கணும், அதனால "நாளானா சரியாயிடும்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க, சீக்கிரம் போங்க.

இப்ப இவர் அதே ப்ராக்டிஸ்ல சைக்காலஜிஸ்ட் கிட்ட தெரப்பி போறாரு, மாத்திரை ஜிபி எழுதினது, வேலை செய்ய சில வாரம் ஆகும்னு முன்னாடியே சொன்னாங்க, அப்படியே தான் ஆச்சு. தூக்கம் நல்லாவே வருது, கார் இன்னும் நான் தான் ஓட்டறேன்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா சைக்காலஜிஸ்ட் ஃபீஸ் மெடிக்கல் எய்ட் ரேட்ட விட அதிகம், மிச்சம் நம்ம கையில இருந்து போகுது, அத புக் பண்ணும்போதே சொல்லியிருக்கலாம். சாயங்கால ஸ்லாட் சீக்கிரம் ஃபுல்லாயிடும், வேலைக்கு போறவங்க முன்னாடியே சொல்லி வைங்க.