1/48 கோர்சேரா, ஹெல்கேட்டா? இறக்கையை மடக்கித்தான் முடிவு செய்தேன்

இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கடற்படைப் போர் விமானம் ஒன்றை பிளாஸ்டிக் கிட்டில் கட்ட வேண்டும், கோர்சேர் வாங்கலாமா ஹெல்கேட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்சேர், அதுவும் இறக்கையை மடக்கி. இரண்டையும் 1/48 அளவில், அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்காக, கட்டி முடித்து மடிப்பாக்கம் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். மறுபடியும் ஒன்றைக் கட்டச் சொன்னால் யோசிக்காமல் கோர்சேர் பெட்டியைத்தான் திறப்பேன்.

வழக்கமாகப் பேசும் விஷயங்களில் இவை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் அதே பிராட் அண்ட் விட்னி ஆர்-2800 எஞ்சின், 18 சிலிண்டர், 2000 குதிரைத்திறன். அதற்கு பெயின்ட் அடித்து கரிக்கறை ஏற்றும் வேலையும் ஒன்றேதான். நிஜத்தில் இரண்டுமே 12,000-க்கு மேல் தயாரானவை என்பதால் சின்னங்களை ஒட்டும் டெக்கால் தாள்களுக்கும் பஞ்சமில்லை. அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது, ஆனால் ஹெல்கேட் இறக்கை முளைத்த பீப்பாய் மாதிரிதான் இருக்கும், அதை மறைத்துப் பிரயோசனமில்லை. கோர்சேரின் வளைந்த இறக்கை அழகுக்காக வந்ததல்ல. நான்கு மீட்டர் விட்டமுள்ள ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்காமல் இருக்க வேண்டும், அதற்காகச் சக்கரக் காலை நீட்டிக்கொண்டே போகவும் முடியாது. அதனால் இறக்கையின் உள்பகுதியைக் கீழே இறக்கி, அந்த வளைவின் அடியில் குட்டையான, உறுதியான காலை வைத்தார்கள்.

கிட் விஷயத்துக்கு வருவோம். கோர்சேருக்கு டமியா கம்பெனி கிட், ஹெல்கேட்டுக்கு எடுவார்ட் கம்பெனி கிட், நான் கட்டியவை இவைதான். டமியா 1990-களில் வந்த அச்சு, இன்றைக்கும் பாகங்கள் ‘கிளிக்’ என்று உட்காரும். எடுவார்டின் ப்ரொஃபிபேக் பெட்டியில் சன்னமான உலோகத் தகட்டுப் பாகங்களும் பெயின்ட் படாமல் கண்ணாடிக்கு ஒட்டும் மாஸ்க்கும் சேர்ந்தே வரும். காக்பிட்டுக்குள் அந்த பெல்ட்டும் மீட்டர் பலகையும் தரும் நேர்த்தியை டமியாவில் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதில் ஹெல்கேட்டுக்குத்தான் மதிப்பெண்.

சரி, அப்புறம் ஏன் கோர்சேர்? இடம்தான் காரணம். ஹெல்கேட்டின் இறக்கை நீளம் நிஜத்தில் 13 மீட்டர், 1/48-இல் 27 சென்டிமீட்டர். கோர்சேர் 12.5 மீட்டர், அதாவது 26 சென்டிமீட்டர். விரித்து வைத்தால் இரண்டும் ஒரே தலைவலி. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் டிவிக்குப் பக்கத்து ஷோகேஸில், பரிசுக் கோப்பைகளுக்கும் கொலுப் பெட்டியிலிருந்து தப்பி வந்த பொம்மைகளுக்கும் நடுவே 26 சென்டிமீட்டர் ஒதுக்கச் சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்று நான் எழுதத் தேவையில்லை. மடக்கினால் கோர்சேர் 11 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், உயரம் பத்து சொச்சம். ஒன்று விரிந்து நிற்கும் இடத்தில் இரண்டு மடங்கி நிற்கும்.

விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தவர்களுக்கும் இதே இடப் பிரச்சினைதான். பிரிட்டிஷ் கப்பல்களில் விமானம் நிறுத்தும் ஹேங்கரின் கூரை தாழ்வு, மடக்கிய கோர்சேர் உள்ளே நுழையாது என்று ஒவ்வொரு இறக்கை நுனியிலும் 8 அங்குலம் வெட்டிவிட்டார்கள். நம் அளவில் அது நான்கு மில்லிமீட்டர் சொச்சம், ரேஸர் ரம்பத்தால் இரண்டு இழுப்பு.

ஹெல்கேட்டும் மடங்கும், சொல்லப்போனால் இன்னும் சாமர்த்தியமாக மடங்கும். கோர்சேரின் இறக்கை ஹைட்ராலிக்கில் தலைக்கு மேலே தூக்கும். ஹெல்கேட்டில் ஆட்கள் கையால் தள்ளுவார்கள், இறக்கை திரும்பிப் பின்னால் போய் உடம்பை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மடக்கிய அகலம் கோர்சேரை விடக் கொஞ்சம் குறைவு, உயரமும் குறைவு. ஆனால் கிட்டில் அது இருக்க வேண்டுமே. டமியா கோர்சேர் பெட்டிக்குள்ளேயே மடக்கும் பாகங்கள், கீல் விவரத்தோடு வந்துவிடுகின்றன. ஹெல்கேட்டில் எல்லாப் பெட்டியிலும் அது வராது, ரெசினில் வார்த்த பாகம் தனியாக வாங்கி இறக்கையை அறுத்து ஒட்ட வேண்டி வரலாம். நான் ஹெல்கேட்டை விரித்துத்தான் கட்டினேன், அறுத்துப் பார்த்ததில்லை, அதனால் அது எவ்வளவு கஷ்டம் என்பதில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மடக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. கோர்சேரை விரித்துக் கட்டினால் வெளி இறக்கை இரண்டும் ஒரே கோணத்தில் மேலேற வேண்டும், மில்லிமீட்டர் பிசகினாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்தும். டேப் போட்டு, அடியில் அட்டை கொடுத்து, பசை இறுகும் வரை காவல் இருக்க வேண்டும். அந்த இணைப்புக் கோடும் நிஜத்தில் இருக்கிற கோடு என்பதால் புட்டி பூசி மறைத்துவிடவும் முடியாது, சுத்தமாகப் பொருந்தியாக வேண்டும். மடக்கினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். பதிலுக்குக் கீல் பகுதிக் குழாய்களுக்கு மெல்லிய பிரஷ்ஷில் வண்ணம் தீட்டும் வேலை கூடும். எனக்கு இது பரவாயில்லை, சிலருக்குப் பொறுமை போய்விடும்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் பக்கம் மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள்ளேயே படிகிறது. ஹெல்கேட் இதில் சுலபம். மேக்கப் பிரஷ்ஷை இறக்கை மேல் இரண்டு முறை ஓட்டினால் முடிந்தது. மடக்கிய கோர்சேரில் இறக்கையின் மேல்பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துச் செங்குத்தாக நிற்பதால் அவற்றில் அவ்வளவாகப் படியாது, ஆனால் நடுவில் காக்பிட்டைச் சுற்றிப் படிவதை எடுக்க பிரஷ்ஷை இரண்டு இறக்கைக்கும் இடையே மேலிருந்து இறக்க வேண்டும், அங்கேதான் ஆன்டெனா கம்பி இருக்கிறது. ஸ்ப்ரூவை, அதாவது கிட்டில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தைச் சூடாக்கி இழுத்த கம்பி என்றால் ஒரு நாள் அறுந்தே தீரும், இழுபடும் எலாஸ்டிக் நூல் போடுங்கள். இடது இறக்கை நுனிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்கும் பிட்டோ குழாயைக் கடைசியாக ஒட்டுங்கள். மடக்கியபின் அது உயரத்தில் நிற்பதால் மேல் தட்டில் இடிக்க வாய்ப்பு அதிகம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் துணியில் மாட்டவும்தான்.

பெயின்ட் விஷயத்தில் மடக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மடக்கும்போது கோர்சேரின் இறக்கை அடிப்பக்கம் வெளியே பார்க்கும், ஹெல்கேட்டிலோ மேல்பக்கம் வெளியே வரும். 1943-இல் வந்த அமெரிக்கக் கடற்படையின் மூவண்ண முறையில் வயிற்றுப் பக்கம் வெள்ளை, ஆனால் கோர்சேரின் மடங்கும் பகுதிக்கு அடியில் மட்டும் நடுத்தர நீலம் அடித்தார்கள், மடக்கி நிறுத்தும்போது வெள்ளை பளிச்சென்று தெரியக் கூடாது என்றுதான். விரித்து வைத்த மாடலில் இந்த நீலத்தை யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. மடக்கியதில் முதலில் கண்ணில் படுவதே அதுதான். இந்த மாஸ்கிங் எல்லாம் வேண்டாம் என்றால் 1944-க்குப் பிந்தைய முழு நீலப் பளபளப்பு இரண்டு விமானத்துக்கும் பொருந்தும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மட்டும் லாக்கர் பெயின்ட் அடிக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. 1944 ஏப்ரல் 19 அன்று திருகோணமலையிலிருந்து போன நேச நாட்டுக் கடற்படை, சுமத்ராவுக்குப் பக்கத்தில் ஜப்பானியர் கையில் இருந்த சபாங் மீது தாக்குதல் நடத்தியது. அதில் பிரிட்டிஷ் கப்பல் இல்லஸ்ட்ரியஸிலிருந்து கோர்சேர்களும் அமெரிக்கக் கப்பல் சரடோகாவிலிருந்து ஹெல்கேட்களும் பறந்தன. ஜப்பானிய வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று இந்தப் பக்கத்து பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். அந்த டெக்காலைத் தனியாகத்தான் தேட வேண்டும். நம் ஊருக்கே பக்கத்தில், தாம்பரத்திலும் பிரிட்டிஷ் கடற்படைக்கு வல்லூறு என்ற பெயரில் ஒரு விமானத் தளம் இருந்தது.

கோர்சேர் என்று முடிவானால் 1ஏ வகையைப் பாருங்கள். அதற்கு முந்தைய வகையின் கண்ணாடிக் கூண்டில் சட்டங்கள் எக்கச்சக்கம், அவற்றை மாஸ்க் செய்வதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.