ஒன்பது ஆண்டுகளாக ஒரே மூங்கில் தூண்டில்: கெளுத்தி பிடித்த அனுபவம்

மயிலாடுதுறைப் பக்கத்து வாய்க்கால்களில் ஒன்பது ஆண்டுகளாக ஒரே மூங்கில் கழியை வைத்துத்தான் கெளுத்தி பிடிக்கிறேன். எட்டடிக் கழி, அதே நீளத்துக்குத் தங்கூசி என்னும் நைலான் நரம்பு, நெட்டித் தக்கை, பத்தாம் எண் தூண்டில் முள். நுனி ஒருமுறை விரிசல் விட்டது. நூல் சுற்றி மெழுகு பூசினேன், இன்றுவரை தாங்குகிறது. நடுவில் ரீல் வைத்த தூண்டில் ஒன்றும் வாங்கினேன். ஒரு சாண்கூட இல்லாத மீனின் இழுப்பு அதில் கைக்கு எட்டவே இல்லை. பரணில் கிடக்கிறது.

நான் மாற்றியது நரம்பில் கட்டும் ஈய எடையை மட்டும்தான். முதல் ஆண்டு மண்புழுவை நடுத்தண்ணீரில் தொங்கவிட்டு, கெண்டைக் குஞ்சுகளுக்கே பறிகொடுத்தேன். கெளுத்தி தரையோடு மேயும் மீன். நான்கு ஜோடி மீசையால் சேற்றைத் தடவி, தொட்டும் சுவைத்தும் இரை தேடும். ஈயத்தைக் கூட்டிப் புழுவைத் தரையில் கிடத்தியதும், பொழுது சாய்ந்த பிறகு வரத் தொடங்கியது. கெண்டை கொத்தினால் தக்கை துடிக்கும். கெளுத்தியோ புழுவை முழுதாக வாங்கிக்கொண்டு போகும். தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக நகரும். அப்போதே சுண்ட வேண்டும். தாமதித்தால் முள் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. மீனுக்கே முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். பக்க முள்ளின் உள்விளிம்பு ரம்பம் போலிருக்கும். விரித்துப் பூட்டிக்கொண்டால் எளிதில் மடங்காது. கையில் எடுத்ததும் அந்த முள்ளின் மூட்டை உரசிக் 'கிர்ர்' என்று ஒலி எழுப்பும். இரண்டாம் ஆண்டு என் கட்டைவிரலின் அடியில் ஏற்றிவிட்டது. முழங்கை வரை கடுத்தது. முள்ளின் மேல்தோலில் உள்ள நஞ்சு சூட்டில் சிதையும் என்பதால், பொறுக்கும் அளவு வெந்நீரில் கையை வைத்திருந்த பிறகுதான் வலி இறங்கியது. அன்றிலிருந்து மூக்குக் குறடு இல்லாமல் கரைக்குப் போவதில்லை. வயிற்றுப் பக்கமாகப் பிடித்து, பக்க முட்களுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்தால் மீனுக்கும் நோகாது.

உடலில் கோடுகள் ஓடும் இந்தக் கெளுத்திக்கு அறிவியல் பெயர் மிஸ்டஸ் விட்டாட்டஸ். 1794-ல் பிளாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்ததே நம் தரங்கம்பாடியில் கிடைத்த மீனைக் கொண்டுதான். அதை அறிந்த நாளிலிருந்து இந்த மீன்மேல் எனக்குத் தனி உரிமையே வந்துவிட்டது.

ஐப்பசி மழையில் வயிறு உப்பிய சினை மீன்களாக மாட்டின. நான்கைந்தைத் திரும்ப விட்டபின், கழிக்கு எண்ணெய் பூசி மாட்டிவிட்டேன். இப்போது ஆண்டுதோறும் அப்படித்தான். தை பிறந்தபிறகே இறக்குகிறேன்.