முள்ளைப் பார்த்து ஓட்டிய மூன்றரை ஆண்டுகள்

முதல் ஆறு மாதம் எதிரி என்னைச் சுட்டு வீழ்த்தியதைவிட, நானே இன்ஜினைக் கொன்றுவிட்டுப் பனி மூடிய வயலில் இறங்கியதுதான் அதிகம். பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டுக் கணினி விளையாட்டில் ஸ்டாலின்கிராடு மேல் பறக்கிறவனுக்கு அது ஒன்றும் பெரிய நஷ்டமில்லைதான். ஆனாலும் சண்டையெல்லாம் முடிந்து திரும்பும் வழியில், யாரும் சுடாமலே மூக்கிலிருந்து புகை வந்தால் எரிச்சலாக இருக்காதா?

நான் ஓட்டுவது இரண்டு சிம்கள், அதாவது நிஜ விமானம் போலவே ஓட்ட வைக்கும் கணினி விளையாட்டுகள்: ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், டிசிஎஸ் வேர்ல்டு. ஐஎல்-2வில் இன்ஜினைத் தானாகக் கவனித்துக்கொள்ளும் உதவிகளை அணைத்துவிட்டேன். அணைத்த அன்றைக்குத்தான் பாடம் தொடங்கியது.

நான் பழகியது ரஷ்யப் போர் விமானமான யாக்-1ல். அதில் இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தனி, ப்ரொப்பெல்லர் சுற்றுக்கு லீவர் தனி. எரிபொருள் கலவை, தண்ணீர் ரேடியேட்டர், ஆயில் ரேடியேட்டர், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரின் கியர் எல்லாம் கையால்தான். ரேடியேட்டரைத் திறந்தால் சூடு இறங்கும், வேகமும் இறங்கும். மூடினால் வேகம் வரும், கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகும். எதிரி பின்னால் இருக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் ஆட்டமே. கீபோர்டில் இதைச் செய்தால் விரல் சுளுக்கிக்கொள்ளும்.

இப்படி இரண்டு லீவரும் தனித்தனியாக உள்ள எல்லா விமானத்துக்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு. சக்தியைக் கூட்டும்போது முதலில் சுற்று, பிறகு த்ராட்டில். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு சுற்று. இதை நான் மந்திரம் போல மனப்பாடம் செய்தேனே தவிர, காரணம் புரிய நாளானது. மேட்டில் நாலாவது கியரிலேயே பைக்கை முறுக்கினால் இன்ஜின் 'டக டக' என்று தட்டுமே, அதேதான் இங்கேயும். சுற்று குறைவாக இருக்கையில் த்ராட்டிலைத் தள்ளி, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை ஏற்றினால் கலவை முறையாக எரியாமல் வெடிக்கிறது, பிஸ்டன் அடி வாங்குகிறது.

ஐஎல்-2வில் பல விமானங்களுக்கு நேரக்கணக்கு உண்டு. ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 எஃப்-4ல் 1.3 அட்டாவுக்கு (அந்த அழுத்தத்துக்கு ஜெர்மானியரின் அலகு) 30 நிமிடம், உச்சமான 1.42க்கு ஒரே நிமிடம். நான் இதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டேன். முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனசுக்குள் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்று எண்ண ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் முடிவதற்குள் த்ராட்டிலை இழுத்துவிட்டால் பாவமெல்லாம் கழுவப்பட்டதாக நினைப்பு. பத்து விநாடி இறக்கி மறுபடி ஏற்றுவேன், இன்ஜின் போய்விடும்.

என்னோடு பறக்கும் நண்பர் கோவைக்காரர். மாரத்தஹள்ளியில் சாஃப்ட்வேர் வேலை என்றாலும் குடும்பத்தில் எல்லோருக்கும் மோட்டார் பம்பு பட்டறைதான். ஹெட்செட்டில் என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காயில் கருகுறது சுவிட்சு போட்ட நிமிசத்துல இல்லீங்க. முந்தாநேத்து வோல்டேஜ் கொறஞ்சப்ப ஓட்டுனீங்க பாருங்க, அன்னைக்கே பாதி போயிருக்கும். உங்களுக்குத் தெரியறது இன்னைக்கு." அதற்குப் பிறகுதான், இறக்கி வைக்கும் நேரமும் கணக்கில் சேரும் என்பது உறைத்தது.

டிசிஎஸ்ஸில் அமெரிக்கப் போர் விமானமான பி-51 மஸ்டாங்குக்குப் போனபோது எண்ணும் பழக்கம் உதவவே இல்லை. 61 அங்குல அழுத்தம், 3000 சுற்று. கையேட்டில் 15 நிமிடம் தாங்கும் என்று இருக்கிறது. அதை நம்பி மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி ஏறினேன். நாலு நிமிடத்தில் கூலன்ட் முள் 121 டிகிரியைத் தாண்டியது. ரேடியேட்டர் கதவு தானாக முழுக்கத் திறந்துதான் இருந்தது, ஆனால் வேகமில்லாததால் உள்ளே போகக் காற்றில்லை. இப்போது 46 அங்குலம், 2700 சுற்று, மணிக்கு 170 மைல் வேகம் என்று பொறுமையாக ஏறுகிறேன். மேலே போய்ச் சேர நேரமாகும், ஆனால் சேரும்போது இன்ஜின் புதுசாக இருக்கும்.

தலை சுற்ற வைத்தவை இந்த அழுத்தத்தின் அளவுகள். அமெரிக்கனுக்கு அங்குலத்தில் பாதரசம், ரஷ்யனுக்கு மில்லிமீட்டரில், ஜெர்மானியனுக்கு அட்டா. ஆங்கிலேயன் கடல் மட்டக் காற்றழுத்தத்தைச் சுழியமாக வைத்து அதற்கு மேல் எத்தனை பவுண்டு என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலேயரின் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் +18 என்பது மஸ்டாங்கின் 67 அங்குலம். யாக்கின் 1050 மில்லிமீட்டரும் மெஸ்ஸர்ஷ்மிட்டின் 1.42 அட்டாவும் ஏறக்குறைய ஒன்று, இரண்டுமே 41 அங்குலம். அப்படியென்றால் மெஸ்ஸர்ஷ்மிட் சோப்ளாங்கியா? இல்லை. ஸ்பிட்ஃபயரிலும் மஸ்டாங்கிலும் இருக்கும் மெர்லின் இன்ஜின் 27 லிட்டர்தான், உயர் ஆக்டேன் பெட்ரோலை (அழுத்தம் ஏறினாலும் சீக்கிரம் தட்டாதது) நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. எஃப்-4ன் டிபி 601 இன்ஜின் கிட்டத்தட்ட 34 லிட்டர். கொள்ளளவு பெரிது, எரிபொருளின் ஆக்டேன் குறைவு, அதனால் அழுத்தமும் குறைவு. இது புரிந்த பிறகு அழுத்த அளவை மட்டும் வைத்து ஒரு விமானத்தை எடை போடுவதை விட்டுவிட்டேன்.

இன்ஜின் ஓடாதபோது மஸ்டாங்கின் அழுத்த முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கடலோரத் தளத்தில் 30க்குப் பக்கம், நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில் 28. முள் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். அது வெளிக்காற்றின் அழுத்தம், அவ்வளவுதான். நம் ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 27 காட்டும். இரண்டாம் உலகப்போரின்போது பக்கத்து எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்தார்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் அவற்றின் முள்ளும் அங்கேதான் நின்றிருக்கும். பழைய ஏர்போர்ட் ரோட்டு டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும், ஏனோ.

ஸ்பிட்ஃபயர் ஒன்பதைப் பற்றி ஒரு வரி: தரையில் சும்மா நிற்க விடாதீர்கள், கொதித்துவிடும். ஜெர்மானியரின் ஃபோக்கவுல்ஃப் 190ல் ஒரே லீவர், மிச்சத்தை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. அதை முதல் விமானமாக எடுத்தால் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். யாக்கில் ஆறு மாதம் அல்லாடிவிட்டு அதில் ஏறினால் அந்த ஒற்றை லீவரின் அருமை தெரியும். வி.ஆர். கண்ணாடியும் வாங்கிப் பார்த்தேன். ஏப்ரல் மாதத்து வியர்வையில் அது அலமாரிக்குப் போய்விட்டது.

செலவு செய்யத் தயங்குகிறவர்கள் டிசிஎஸ்ஸோடு இலவசமாக வரும் டிஎஃப்-51லேயே தொடங்கலாம். ஆயுதமில்லாத மஸ்டாங், இன்ஜின் வேலை எல்லாம் அப்படியே இருக்கிறது. கிளம்பும் முன் ஆயில் 40 டிகிரி ஆகும்வரை காத்திருப்பது, 2300 சுற்றில் மேக்னெட்டோவை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) சோதிப்பது இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள்.

கருவிகள் விஷயத்தில் எனக்கு அடி. வாங்கிய த்ராட்டில் பெட்டி ஒரே வருடத்தில் தானாகத் துள்ள ஆரம்பித்தது. 46ல் வைத்தால் 52க்கும் 40க்கும் நடனம். பழுது பார்க்கவும் ஆளில்லை. கடைசியில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் நாலு 10கே பொட்டென்ஷியோமீட்டரும் (ரேடியோ வால்யூம் திருகு போன்றது) அவற்றைக் கணினியோடு இணைக்க ஒரு ப்ரோ மைக்ரோ போர்டும் வாங்கி, இனிப்புக் கடை டப்பாவில் துளை போட்டு நானே செய்தேன். கணினி அதை ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொள்கிறது. த்ராட்டில், சுற்று, ரேடியேட்டர் என்று மூன்று லீவர் வேலை செய்கின்றன. நாலாவது சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. டிசிஎஸ்ஸில் பி-47 விமானத்தை வாங்கினால் அதன் டர்போவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன்.