புது போனுக்கு மாற: கேபிளா, வைஃபையா, கிளவுடா, கடையா?

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் சித்தி போன வருஷம் போன் மாற்றினார். கடையிலேயே எல்லாவற்றையும் ஏற்றித் தருகிறோம் என்றார்கள். படங்கள் வந்தன, நம்பர்கள் வந்தன. பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே ரீசெட் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. சித்தப்பா இறப்பதற்கு முன் அனுப்பிய குரல் பதிவுகள் அத்தனையும் அதில்தான் இருந்தன. கூகுள் டிரைவில் பேக்கப் எடுக்கும் வசதியை யாரும் அவருக்குப் போட்டுத் தரவில்லை. கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டோம். அழிந்தது அழிந்ததுதான்.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யார் போன் வாங்கினாலும் மாற்றித் தரும் வேலை என்னுடையது. நான்கு வழிகளையும் பார்த்துவிட்டேன். என் ஓட்டு கேபிளுக்கு.

புது போனை முதல்முறை ஆன் செய்யும்போதே, பழைய போனிலிருந்து ஆப்களையும் தகவல்களையும் எடுத்துக்கொள்ளவா என்று அது கேட்கும். அவசரத்தில் 'பிறகு' என்று தட்டிவிடாதீர்கள். இரண்டு போன்களையும் சி-டைப் கேபிளால் இணைத்து, பழைய போனில் வரும் அனுமதியைக் கொடுத்தால் போதும். பிளாட்பாரத்தில் வாங்கும் சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தகவலைக் கடத்தாது. போன் எதுவும் கேட்காமல் சும்மா இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய போனில் மைக்ரோ யூஎஸ்பி என்றால் நடுவில் ஓடிஜி என்ற சின்ன இணைப்பு முனை ஒன்று வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

அம்மாவின் போனில் 46 ஜிபி இருந்தது. மே மாத மதியம், ஃபேனுக்கு நேர் கீழே மேஜையில் இரண்டு போன்களையும் பவுச்சைக் கழற்றி வைத்தேன். அக்னி நட்சத்திர வெயிலில் போன் கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் வேகம் குறையும், சார்ஜும் ஏறாது. அதனால் இரண்டிலும் பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றிய பிறகே ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. நடுவில் இரண்டு அழைப்பு வந்தது, பேசி வைத்தோம், இணைப்பு அறுந்து போகவில்லை.

வைஃபை வழியும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் போன்ற ஆப்களில் இரண்டு போன்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். படங்கள் போவதற்கு உங்கள் டேட்டா செலவாகாது. சின்ன அளவுக்கு இது நல்ல வழி. ஆனால் 30, 40 ஜிபி என்றால் நேரம் இழுக்கும், இடையில் அறுந்தும் போகும். தம்பிக்குச் செய்தபோது 80 சதவீதத்தில் நின்றுவிட்டது.

கிளவுட், அதாவது இணையத்தில் சேமித்து வைப்பது, ஒரே நாளில் வீடு மாற்றும் வண்டி அல்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும் உண்டியல். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் அதில்தான் கணக்கு, இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில் சேர்ந்துவிட்டது. தினம் 2 ஜிபி டேட்டா வைத்திருப்பவர் 40 ஜிபியை ஏற்ற 20 நாள் ஆகும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, பணம் கட்டி இடமும் வாங்கியிருந்தால் கதை வேறு. எப்படியானாலும் நம்பர்களை மட்டும் கூகுள் அக்கவுண்டில் வைத்துவிடுங்கள். சிம்மிலும் போனிலும் பதிந்தவை தானாக உங்கள் பின்னால் வராது.

கடை? நேரமில்லாதவர்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. நேர்மையாகச் செய்து தரும் பையன்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் லாக் நம்பரைச் சொல்லி, குடும்பப் படங்களோடு, ஓடிபி வந்து விழும் போனை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எது வந்தது, எது வரவில்லை என்று பார்க்கும் அக்கறை அவர்களைவிட நமக்குத்தானே அதிகம்?

நான்கு வழியில் எதில் போனாலும் வாட்ஸ்அப்பைத் தனியாகவே கவனியுங்கள். இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் 2023-இல் வந்த க்யூஆர் வழிதான் சிறந்தது. புது போனில் அதே நம்பரைப் பதிந்ததும் பழைய போனிலிருந்து மாற்றவா என்று கேட்டு ஒரு க்யூஆர் கோடு காட்டும். பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று போய் அந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள். வைஃபையும் லொகேஷனும் இரண்டிலும் ஆனில் இருக்கட்டும். டிரைவ் பேக்கப் இதற்கு அடுத்த இடம். அதே நம்பர், அதே கூகுள் அக்கவுண்ட் இருந்தால்தான் திரும்பி வரும். பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அது இல்லாமல் திறக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள் மூவ் டு ஐஓஎஸ் ஆப்பைப் பயன்படுத்த வேண்டும். ஐபோனை முதலில் ஆன் செய்யும்போதே இதை முடியுங்கள். விட்டுவிட்டால் ஐபோனை ரீசெட் செய்து முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

அடுத்து பணம். ஜிபே, போன்பே ஆப்கள் வந்து உட்கார்ந்திருக்கும், ஆனால் வேலை செய்யாது. வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் புது போனில் இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ரீசார்ஜ் காலாவதியாகி இருந்தால் அங்கேயே நின்றுவிடும். இரண்டு சிம் இருந்தால் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். பழைய யூபிஐ பின்னே போதும். கீரை வாங்கக்கூட ஸ்கேன் செய்யும் ஊர் இது. வெளியே கிளம்பும் முன் பத்து ரூபாய் யாருக்காவது அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சில்தான் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆன்லைனில் எக்ஸ்சேஞ்ச் போட்டால் புது போனைக் கொண்டு வருகிறவர் வாசலிலேயே பழையதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கேபிள் போட எங்கே நேரம்? கொஞ்சம் பணம் குறைந்தாலும் தனியாக வாங்கி, பழையதைப் பிறகு விற்பதையே நான் சொல்வேன். ஒரு வாரமாவது அது வீட்டில் இருக்கட்டும்.

அம்மாவின் பழைய போன் அப்படித்தான் அலமாரி டிராயரில் கிடந்தது. எட்டாவது நாள் காலையில், கேஸ் புக் செய்ய வேண்டும், கன்ஸ்யூமர் நம்பரைக் காணோம் என்றார். பழைய நோட்ஸ் ஆப்பில் எழுதி வைத்திருந்தார். அந்த ஆப் மட்டும் இந்தப் பக்கம் வரவே இல்லை. டிராயரைத் திறந்து, போனை ஆன் செய்து, அதிலிருந்த பதினாறு குறிப்புகளையும் புது போனுக்கு அனுப்பினோம். அன்று மாலைதான் கூகுள் அக்கவுண்டை நீக்கிவிட்டு ரீசெட்டைத் தட்டினேன்.