வீட்டில் 60 தாண்டிய மாமியார், 30 வயது மருமகள்: யாருக்கு உரிமைத்தொகை, யாருக்கு ஓய்வூதியம்?

ஒரே ரேஷன் கார்டில் மாமியாரும் மருமகளும் இருந்தால், "மகளிர் உரிமைத்தொகைக்கு யார் பெயரில் எழுதிக் கொடுப்பது?" என்பதுதான் முதல் கேள்வி. பல வீடுகளில் யோசிக்காமல் மாமியார் பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் நஷ்டம்.

கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. கார்டுக்கு ஒரு பெண்தான், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியம் அதே ஆண்டு 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஒரே பெண் இரண்டையும் வாங்க முடியாது. ஆனால் வீட்டில் ஒருவர் முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறார் என்பதற்காக, தகுதியுள்ள மற்றொரு பெண்ணுக்கு உரிமைத்தொகையை மறுக்க முடியாது. இந்தத் தளர்வை 2023 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார்கள். எனவே மாமியாருக்கு ஓய்வூதியத் தகுதி இருந்தால் அதை அவருக்கு வாங்குங்கள், உரிமைத்தொகையை மருமகளுக்கு விடுங்கள். வீட்டுக்கு 2,200 வரும்.

தகுதி பார்க்கும் விதம் இரண்டிலும் வேறு. உரிமைத்தொகையில் அளப்பது குடும்பத்தை: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். வருமான வரி கட்டுபவரோ அரசு ஊழியரோ வீட்டில் இருக்கக் கூடாது. கார், டிராக்டர் இருந்தாலும் பொதுவாகக் கிடையாது.

மின்சாரத்தில்தான் பலர் வீணாகப் பயந்து பின்வாங்குகிறார்கள். கோடையில் ஒரு பில் 600 யூனிட்டைத் தாண்டினால் போயிற்று என்று நினைக்கிறார்கள். பார்ப்பது ஆண்டுக் கூட்டுத்தொகையை. 740, 690, 610, 520, 480, 500 என்று ஆறு பில் வந்தால் மொத்தம் 3,540, தகுதி உண்டு. காரை விற்றும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். பதிவேட்டில் வண்டி இன்னும் அவர்கள் பெயரில்தான் நிற்கிறது.

ஓய்வூதியத்தில் அளப்பது ஆளை. 60 வயது, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பது, ஆதரவற்ற நிலை, ஒரு லட்சத்துக்கு மேல் அசையாச் சொத்து இல்லாமை. இ-சேவையில் பதிந்த மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தனி வட்டாட்சியரிடம் போகும். நேரில் விசாரிக்க வரும்போது, சம்பாதிக்கிற மகனோடு ஒரே வீட்டில் இருப்பவரை "ஆதரவற்றவர்" என்று எழுதுவது கடினம், பல மனுக்கள் இங்கேதான் நிற்கின்றன. ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருந்தால் மனு போடும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

கணவரை இழந்தவர் 60 வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு 18 வயது போதும்.

உரிமைத்தொகை மறுக்கப்பட்டால், குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். எந்தக் காரணத்தால் தள்ளினார்கள் என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கான ஆவணத்தை மட்டும் வையுங்கள். மின்சாரம் என்றால் ஆறு பில், வண்டி என்றால் பெயர் மாற்றிய ஆர்.சி.